வாக்கிங் மட்டும் போதாது: செல்லூரிலிருந்து ஒரு பயிற்சியாளரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ‘பர்சனல் டிரெய்னர் ஆகலாம், வாங்க’ என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எந்தக் கோர்ஸ் படிக்கலாம், எவ்வளவு செலவாகும், முடித்தால் என்ன சம்பளம் என்று இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு வேண்டிய விவரம் எல்லாம் இருந்தது. என் மகன்தான் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டி, “அம்மா, ஒன் வேலையப் பத்திப் போட்டிருக்கான். ஆனா நீ இதுல எங்கயும் இல்ல” என்றான். படித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.

அந்தக் கட்டுரையின் கடைசிக்கு முந்தின பத்தியில், ‘உங்களுக்கென்று ஒரு ஃபிட்னஸ் தத்துவத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி வருகிறது. அடுத்த வரியில் இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பிப்பது எப்படி என்று போய்விட்டீர்கள். தத்துவம் எங்கிருந்து வரும், யாரிடமிருந்து வரும் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயது நாற்பத்துமூன்று. செல்லூரில் வீட்டு மாடியில் ஷீட் போட்டு, பெண்களுக்கு மட்டும் பயிற்சி சொல்லித்தருகிறேன். சிக்ஸ்பேக் கிடையாது, சுடிதார்தான் என் யூனிஃபார்ம். விட்டுப்போன அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்டவேண்டாம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். காலையில் ஒன்பதரைக்குள் உள்ளே போனால் வெளியே வர ராத்திரி ஒன்பது தாண்டிவிடும். உட்காரக்கூடாது. ஆள் வராத மத்தியான நேரத்தில்கூட ரேக்கில் சாயக்கூடாது, கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து ஆள் வரும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன் என்றால் வீட்டுக்கு வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூக்கம். 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தது. அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். கூட வேலை பார்த்த பிள்ளைகளுக்குப் போன் போட்டு விசாரித்தேன். “சேர் வந்திருச்சுக்கா. உக்காந்தாத்தான் சூப்பர்வைசர் மொறைக்கிறாரு” என்றாள் ஒருத்தி.

அந்தக் கடையில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. குடோனிலிருந்து பண்டல் இறக்குவது, ஏணியில் ஏறி மேல்தட்டில் அடுக்குவது என்று நாள் முழுக்க ஏறி இறங்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கவுன்டரில் அசையாமல் நின்று சேலை விரித்துக் காட்டும் எங்களுக்கு முப்பது வயதிலேயே காலில் பச்சை நரம்பு முறுக்கிக்கொண்டு தெரிந்தது. ஒரே ஒரு ஆளைப் பார்த்து இப்படித்தான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வலி இருந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். ஆனாலும் எங்களைவிட அதிகம் உழைக்கிற உடம்பு எங்களைவிட நன்றாக இருக்கிறதே என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

கால் வீக்கத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோதெரபி பிரிவில் இருந்த அம்மா எனக்கு மாத்திரைக்கு மேலாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். குதிகாலை மெதுவாகத் தூக்கி, மேலே ஒரு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கு. கெண்டைக்கால் சதை சுருங்கும்போது கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடும், அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது என்றார். கவுன்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் செய்ய ஆரம்பித்தேன். பக்கத்து கவுன்டர் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் செய்தார்கள். முகூர்த்தச் சேலை பார்க்க வந்த ஒரு அம்மா, “என்னத்தா எல்லாரும் எம்பி எம்பிப் பாக்குறீக, யாராச்சும் நடிகர் வந்திருக்காரா?” என்று கேட்டார். நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான்.

அங்கிருந்து ஒரு லேடீஸ் ஜிம்மில் ரிசப்ஷன் வேலை. டிரெய்னர் வராத நாட்களில் நான் நிற்பேன். பிறகு சான்றிதழ் படிப்பு. இந்தத் தொழிலில் சான்றிதழ் கொடுக்கிற நிறுவனங்களில் பெரிதாகப் பேசப்படும் பெயர்கள் மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை: 1954-ல் தொடங்கிய ஏசிஎஸ்எம், 1985-ல் வந்த ஏசிஇ, 1987-ல் வந்த என்ஏஎஸ்எம். நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்தே நடக்கிறது, அங்கெல்லாம் பி.பி.எட். என்கிற உடற்கல்விப் பட்டம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அடித்தளம் கெட்டி. என்னைப் போலப் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவர்களுக்கு மத்திய அரசின் திறன் பயிற்சியில் ஒரு சான்றிதழ் இருக்கிறது, தனியார் நிறுவனங்கள் நடத்தும் படிப்புகளும் இருக்கின்றன. எதுவுமே இல்லாமல் டைட்டான டி-சர்ட் மட்டும் போட்டுக்கொண்டு டிரெய்னர் ஆனவர்களும் இருக்கிறார்கள். தடுக்க நம் நாட்டில் உரிமம் என்று ஒன்று கிடையாது. இதை உங்கள் கட்டுரை கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

படிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, இங்கிலீஷ் புத்தகத்தையும் மகனுடைய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எந்தச் சதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எது இழுத்தால் எது தளரும் என்பது தெரியாமல் அடுத்தவர் உடம்பில் கை வைக்கக்கூடாது. ஆளைச் சேர்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய ஏழு கேள்விகள் என்று ஒரு தாள் உண்டு: நெஞ்சு வலி வருமா, தலை சுற்றி விழுந்ததுண்டா, பிரஷர் மாத்திரை உண்டா, எலும்பு மூட்டுத் தொந்தரவு உண்டா என்கிற மாதிரி. பல ஜிம்களில் அதை அட்மிஷன் ஃபார்முக்குப் பின்பக்கம் அச்சடித்து, படிக்கவிடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். நான் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியில்தான் வந்தவர் யார் என்று தெரியும். புத்தகத்தில் உள்ளதை நம் ஊர் உடம்புக்கு மாற்றிப் பார்க்கவும் வேண்டும். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு, 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்று அந்தப் புத்தகங்கள் சொல்லும். இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் உடல்பருமன் என்று நம் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். ஒல்லியாகத் தெரியும் ஆளுக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருவது நம்மிடம் அதிகம்.

இனிப் படிப்பில் வராத ஒன்று. ஆண் வாசகர்கள் கூச்சப்படவேண்டாம், அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

அந்த லேடீஸ் ஜிம்மில் சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆடும் வகுப்பு ஒன்று உண்டு. குதிக்கிற ஸ்டெப் நிறைய. ஒவ்வொரு நாளும் பின்வரிசையில், பாத்ரூம் கதவுக்குப் பக்கமாகவே நாலைந்து பேர் இடம் பிடிப்பார்கள். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் வரமாட்டார்கள். குதிக்கச் சொன்னால் குதிக்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டுவார்கள். “சோம்பேறிக் குரூப்” என்று மைக்கில் கேலி செய்வார் வகுப்பு எடுத்தவர். நான் ரிசப்ஷனில் இருந்தபடி கவனித்தேன். அவர்களில் யாருமே சோம்பேறி இல்லை. ஒருவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போய் மல்லி வாங்கிவந்து கட்டி விற்பவர். ஒருநாள் அவரிடம் தனியாகக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “குதிச்சா நனைஞ்சு போகுதுத்தா” என்றார். இரண்டு சுகப்பிரசவம், கடைசியாக ஒன்று ஆயுதம் போட்டு எடுத்தது. தும்மினாலும் அப்படித்தானாம். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, பிள்ளை பெற்றால் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

இடுப்புக் கூட்டின் அடியில் கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்குகிற ஒரு சதைத் தளம் இருக்கிறது. பிரசவத்தில் அது நைந்துபோகும். அதற்கென்று பயிற்சி இருப்பதை கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்துவிட்டார். மூத்திரத்தை அடக்குவதுபோல் உள்ளே சுருக்கி, சில நொடி பிடித்து, முழுதாக விடவேண்டும். விடுவதும் முக்கியம், பலர் பிடிப்பதோடு நிறுத்திவிடுவார்கள். மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றைத் துருத்தக்கூடாது. இரண்டு மூன்று மாதம் தினமும் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். கர்ப்பப்பை அடி இறங்கி வருகிற மாதிரி இருந்தால் பயிற்சியோடு விடாமல் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். அந்த அக்காவுக்குக் குதிப்பதை நிறுத்திவிட்டு இதையும், கூடவே உட்கார்ந்து எழும் பயிற்சியையும் கொடுத்தேன். பிறகு அந்தப் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். என் மாடிக்கு முதலில் ஏறிவந்த கூட்டம் அவர்கள்தான். இப்போதும் புதிதாக வருகிறவரிடம் நான் முதல் நாள் கேட்பது எடையை அல்ல. “தும்முனா, இருமுனா எப்படி இருக்கு?” என்று சாதாரணமாகக் கேட்பேன். பாதிப் பேர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

எடை மெஷின் என்னிடமும் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், துணி மூடி வைத்திருக்கிறேன். கேட்டால் எடுத்துத் தருவேன். வருகிற பெண்களில் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் “குறைக்கணும்” என்பதுதான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பத்துக் கிலோ குறைக்கணும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள், குறைக்கணும். உடனே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்து, ஒரு மணி நேரம் நடப்பார்கள். எடை இறங்கும். இறங்கியதில் கொழுப்பு மட்டுமில்லை, சதையும் சேர்ந்துதான் போயிருக்கும். கல்யாணம் முடிந்து விருந்துச் சாப்பாடு ஆரம்பித்ததும் எடை திரும்பி வரும், போன சதை தானாகத் திரும்பி வராது. முப்பது வயதுக்கு மேல், ஒன்றும் செய்யாமல் இருந்தால் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டுப் பங்கு வரை சதை தேய்கிறது என்கிறது படிப்பு. மாதவிடாய் நின்றபின் எலும்பும் சேர்ந்து தேயும். ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிற உடம்பிடம் இன்னும் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் தத்துவம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: இந்த ஊர்ப் பெண்ணுக்கு முதலில் பலம் ஏற்றவேண்டும், சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் ஏற்றவேண்டும். எடை தன் பாட்டுக்கு இறங்குகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

பலம் என்றால் எனக்குக் கணக்கு கிலோவில் இல்லை. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, அதுதான். பிரேசிலில் அரௌஜோ என்ற டாக்டரும் அவர் குழுவும் 51 வயது முதல் 80 வயது வரை உள்ள இரண்டாயிரம் பேரை இப்படித் தரையில் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்து, சில வருஷம் கழித்து யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கையும் முழங்காலும் ஊன்றாமல் எழ முடியாதவர்களில்தான் இறந்தவர்கள் அதிகம். 2012-ல் இது வெளியானது. எழத் தெரிந்தால் சாவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. எழ முடியாத அளவுக்கு உடம்பு தளர்ந்திருந்தால் உள்ளே வேறு பலதும் தளர்ந்திருக்கும் என்பதற்கு அது ஒரு அடையாளம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் படுத்து எழுந்த நமக்கு இது புதிதல்ல. சோபாவும் டைனிங் டேபிளும் வந்தபின் ஐம்பது வயதிலேயே கட்டிலைப் பிடிக்காமல் எழ முடியாதவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். அறுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஊசி போடலாமா, ஆபரேஷன் செய்யலாமா என்று குடும்பமே யோசித்துக்கொண்டிருந்தது. “டீச்சர், எதைச் செய்ய முடியலைனு உங்களுக்கு வருத்தமா இருக்கு?” என்று கேட்டேன். குறைக்கணும் என்று அவர் சொல்லவில்லை. “மீனாட்சி கோயில்ல பொற்றாமரைக் குளப் படியில உக்காந்து எந்திரிக்கணும்மா. அம்பது வருஷமா உக்காந்த எடம். இப்ப எல்லாரும் உக்காந்திருப்பாங்க, நான் மட்டும் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்” என்றார்.

அவருடைய டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தோம். முதலில் சாப்பாட்டு மேஜை நாற்காலி, அதன்மேல் ஒரு தலையணை. பாதம் இரண்டும் இடுப்பகலத்துக்கு, குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால். மூக்கு பாதத்துக்கு நேராக வருகிற அளவுக்கு முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழவேண்டும். பிரஷர் உள்ளவர் என்பதால் மூச்சைப் பிடித்தால் உடனே நிறுத்துவேன். இறங்கும்போதுதான் வேலை அதிகம், தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்கவேண்டும். தலையணையை எடுத்தோம். பிறகு பிளாஸ்டிக் முக்காலி. பிறகு வீட்டில் பூஜை அறையில் இருந்த மரப்பலகையைக் கொண்டுவந்தார், அதற்குக் கீழே செங்கல் அடுக்கி வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக உருவினோம். நடுவில் கையில் பிடிக்க இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கொஞ்ச நாள் போனபின் அஞ்சு கிலோ டம்பெல். வலி பத்துக்கு நாலைத் தாண்டினாலோ, மறுநாளும் குறையாமல் இருந்தாலோ ஒரு படி பின்னால் போய்விடுவோம். தேய்மானம் போய்விடவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் இன்றும் அப்படியேதான் இருக்கும். முட்டியைச் சுற்றியுள்ள தொடைச் சதை பலமானதும் முட்டிமேல் விழுந்த பாரம் குறைந்தது, அவ்வளவுதான். டீச்சர் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் குளப் படியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவர்களுக்கு முழங்கால் பயிற்சி சொல்லித்தருகிறாராம். எனக்கு வருகிற ஆளில் பாதி அவர் அனுப்புவதுதான்.

இந்த உட்கார்ந்து எழுவது ஒன்றும் அமெரிக்காவிலிருந்து வந்ததில்லை என்று சொல்லவும் வேண்டுமா? நம் தேகப்பயிற்சிச் சாலைகளில் பஸ்கி என்று எடுத்தது அதுதான். தண்டாலும் கர்லாக்கட்டையும் கூடவே இருந்தன. தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று கதை சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் தூக்குகிறார்கள். என்னிடம் வரும் பெண்களிடம் வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமா என்ற பயம் இன்னும் இருக்கிறது. குடிதண்ணீர் லாரி வந்தால் இரண்டு குடத்தை இரண்டு மாடிக்குத் தூக்குகிறவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள்.

சர்க்கரைக்கு வருகிறேன். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023-ல் சொன்னது. நம் ஊரில் டாக்டரிடம் போனால் மாத்திரையோடு கிடைக்கும் வார்த்தை “வாக்கிங் போங்க”. மக்களும் போகிறார்கள். காலை ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தைப் பாருங்கள், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பாருங்கள், அத்தனை கூட்டம். ரொம்ப நல்லது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி என்பது ஒரு பாதிதான். வாரத்தில் இரண்டு நாளாவது சதைக்குப் பலம் தரும் பயிற்சி என்பது அதே தாளில் இருக்கிற மறுபாதி. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு, கீழே விழாமல் இருக்க வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். இந்த மறுபாதியை ஊரில் யாரும் சொல்வதில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்வது சதைதான். தொடையும் பிட்டமும் நம் உடம்பிலேயே பெரிய சதைகள். அவற்றுக்கு வேலை கொடுக்காமல், சதை தேய்ந்துகொண்டே போக, மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எப்படி?

பயிற்சிக்கு வருகிற சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ இருந்தால், நடுவில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல். அப்போது கடலைமிட்டாய் கொடுப்பார்கள். அதில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பவுடரோ, சர்க்கரை கரைத்த தண்ணீரோ கொடுக்கவேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடவேண்டும். என் மாடியில் குளுக்கோஸ் டப்பா தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற பெண்களுக்கு மார்கழியிலேயே இன்னொன்றும் சொல்வேன்: கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கவேண்டாம், ராத்திரி தங்கும் இடத்தில் பாதத்தின் அடியை அடுத்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சாப்பாடு விஷயத்தில் என்னுடைய பாடம் சின்னது. நல்ல உடம்புக்காரருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். அறுபது கிலோ பெண்ணுக்கு ஐம்பது கிராம். காலையில் நாலு இட்லி, மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரி தோசை என்றால் அதில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு முட்டையில் ஆறு கிராம் வரும். சுண்டல், பாசிப்பயறு, தயிர், மீன் என்று வீட்டில் முடிந்ததைச் சேர்க்கச் சொல்வேன். கிட்னித் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. வீட்டில் முட்டை வாங்கினால் அது ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் போய்விட்டுத்தான் மிச்சம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் புருஷனையும் மாமியாரையும் ஒருநாள் மாடிக்கு வரச்சொல்லி நானே பேசுவேன். கட்டணத்தில் அதுவும் சேர்த்திதான்.

நான் இருந்த ஜிம்மில் டிரெய்னருக்குச் சம்பளம் குறைவு, புரதப் பவுடர் டப்பா விற்றால் கமிஷன். மாதக் கடைசியில் வாடகை கட்டவேண்டிய டிரெய்னர் யாருக்குப் பவுடர் தேவையில்லை என்று சொல்வார்? பவுடர் விஷம் இல்லை, பாலில் இருந்து எடுப்பதுதான். ஆனால் சாதாரண ஆள் உடம்பு ஏற்ற அதைத் தேடவேண்டாம் என்று 2024-ல் வந்த ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டலே சொல்கிறது. ஆண்கள் ஜிம்களில் ஸ்டீராய்டு ஊசி வரைக்கும் போகிறது என்று என் மகனுடைய கூட்டாளிகள் சொல்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து அது, இதயத்தையும் ஈரலையும் பதம் பார்க்கும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளை தன் கொள்கையை எந்தப் புத்தகத்தில் தேடுவதற்கு முன்னாலும், தனக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். நான் வேலையை விட்டு மாடியில் ஷீட் போட்டது தைரியத்தில் இல்லை, அந்தக் கமிஷன் வேண்டாம் என்பதில்தான். முதல் வருஷம் ஜாக்கெட் தைத்துத்தான் சாப்பிட்டோம்.

முதல் நாளே ஆளைப் போட்டுக் கிழித்துவிடும் வழக்கத்தையும் விடவேண்டும். “நேத்து செம ஒர்க்கவுட்டு, படி எறங்க முடியல” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். புதுப் பயிற்சிக்கு இரண்டு மூன்று நாள் வலி சகஜம். ஆனால் பழக்கமில்லாத உடம்பை வெறிகொண்டு வாட்டினால் சதை உடைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும். மூத்திரம் கறுப்பு டீ மாதிரிப் போனால் தண்ணீர் குடித்துப் படுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். என் மாடியில் அளவு எளிது: செய்யும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பூக்கார அக்கா மட்டும் விதிவிலக்கு, அவர் எந்த நிலையிலும் பாடுவார்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இது உங்கள் மூலமாக மாநகராட்சிக்கு. பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடுகிறார்கள், காலையில் பெரியவர்கள் துண்டு காயப்போடுகிறார்கள். எதை யார் எப்படிச் செய்யவேண்டும், முழங்கால் வலிக்காரர் எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரு போர்டு வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளரைப் போடுங்கள். நேரம் காலை ஐந்தரை வேண்டாம். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, புருஷன் வேலைக்குப் போனபின் பத்திலிருந்து பதினொன்றரை வரை வையுங்கள். நிழல் வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் செல்லூர்ப் பூங்காவுக்கு நான் வருகிறேன், செவ்வாயும் வியாழனும் எனக்கு அந்த நேரம் காலிதான்.

இப்படிக்கு,
ஒரு பெண் உடற்பயிற்சியாளர்,
செல்லூர், மதுரை.